கடைசியாக வந்த கோல்ஃப் பை

எண்பதுகளில் துபாயில் கணக்கராக இருந்தபோது மணல்திடலில் கோல்ஃப் ஆடப் பழகினேன். ஒருமுறையாவது கொடைக்கானல் புல்தரையில் ஆட ஆசைப்பட்டு, விடுமுறைக்கு வரும்போது மட்டைகளையும் கொண்டுவந்தேன். கப்பலில் முன்கூட்டியே அனுப்பிவிடச் சொன்னார்கள் நண்பர்கள். தொலைந்துவிடுமோ என்று பயந்து விமானத்திலேயே போட்டேன்.

சென்னையில் பெட்டி வந்துவிட்டது. மட்டைப் பை வரவில்லை. பயணிகள் எல்லோரும் போய்விட, நான் மட்டும் நின்றேன். யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஒருவர் அதைத் தூக்கி வந்து வைத்தார்.

காரைக்காலிலிருந்து என்னை அழைத்துப்போக வந்திருந்த மனைவி, வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

“எல்லாரும் போயிட்டாங்க. நீங்க ஏறவே இல்லயோ, என்னமோ ஆயிப்போச்சோன்னு நெனச்சேங்க.”

“பை வரல, அதான்” என்றேன்.

“இதுக்கா?” என்றாள். ஊர் வந்து சேரும்வரை என் கையை அவள் விடவில்லை.

அந்த விடுமுறையில் கொடைக்கானல் என்று பேச்செடுக்கவே எனக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை மட்டைகளை இரண்டு மாதம் முன்பே கப்பலில் அனுப்பிவிட்டு, கைப்பையோடு முதல் ஆளாக வெளியே வந்தேன்.