தவளைப் பாடம்

என் முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்த நேரம் பார்த்துத்தான், பேராதனையிலிருந்து வாசிப்பு ஆராய்ச்சிக்காரர்கள் கலஹா பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகளைத் தெரிவு செய்து, மூன்று மாதத் தவணை முழுக்கத் தனியாக வாசிப்புச் சொல்லிக்கொடுப்பார்களாம். அவர்கள் தேடியது வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை. அந்தப் பாதிச் செய்தி மட்டும் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து சேரவில்லை. விளையாட்டுப் போட்டிக்குத் தெரிவு, புலமைப்பரிசிலுக்குத் தெரிவு என்றே கேட்டுப் பழகிய அம்மாவுக்கு, தெரிவு என்றால் கெட்டிக்காரத்தனம்தான்.

"அக்காவ எப்புடியாச்சும் தெரிவாக்கிறணும்டி" என்றார் என்னிடம்.

அக்கா ஐந்தாம் ஆண்டு. எழுத்துக் கூட்டவே வராது. ஆனால் காதில் விழுந்ததை விடமாட்டாள். எல்லோரும் மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தின் தவளைப் பாடத்தைத்தான் வாசிக்க வேண்டும் என்று தெரிந்ததும், நான் வாசிக்க வாசிக்க அவள் திருப்பிச் சொன்னாள். பக்கம் புரட்ட வேண்டிய இடம்கூட அவளுக்கு மனப்பாடம்.

தெரிவு நாளன்று அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. "வடிவா வாசிக்கிறீர். நீர் போகலாம்" என்றார் வந்தவர்களில் ஒருவரான யாழ்ப்பாணத்து மிஸ். அடுத்தது நான். 'தவளை தத்தித் தத்தித் தாவியது' என்ற வரியில் எனக்குக் காற்றுத்தான் வந்தது. சன்னலில் தொங்கிய கூட்டம் சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டேன். மிஸ் என் தலையைத் தடவி, என்னைத் தெரிவு செய்தார்.

அம்மா எனக்கு ரொட்டியில் சீனி தூவித் தந்தார். முகம் கழுவப் பீலித் தண்ணீருக்குப் போன அக்கா வெகுநேரம் திரும்பவில்லை.

தவணை முடிவதற்குள் பற்கள் முளைத்துவிட்டன. அதே தவளை இப்போது என் வாயில் தடையில்லாமல் தாவியது. வந்தவர்கள் பூரித்துப்போய்க் கைதட்டினார்கள். எனக்கு ஒரு படக்கதைப் புத்தகமும் கொடுத்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் அக்கா.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள், "அங்க என்னடி சொல்லிக் குடுத்தாங்க?"

"ஒன்னுமில்லக்கா. எனக்குத் தெரிஞ்சதுதான்."

என் கையிலிருந்த படக்கதைப் புத்தகத்தை வாங்கித் திறந்து பார்த்தாள். பிறகு மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பாவம், சுமக்க ஆசைப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, என் புத்தகப் பையையும் கழற்றி அவள் தோளில் மாட்டிவிட்டேன்.