பன்னிக்குக் கட்டிய சேலைகள்

மாசி பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்துப் பக்கம் வித்துராவில் ஆளுக்கு ஆள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சேனை நட்டாச்சா? மருந்துக் கடையில் கேட்பார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பார்கள். பல் பிடுங்கப் போய் வாயைத் திறந்து வைத்திருந்த என்னிடம் டாக்டரே கேட்டிருக்கிறார். மாசிப் பௌர்ணமியை ஒட்டி நட்டால்தான் கிழங்கு பருக்கும் என்பது இந்த மலையடிவாரத்தில் எல்லோருக்கும் உறுதி. இத்தனை வருஷமாக “வீட்டில் நட்டிருக்கும்” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். நடுவது என் மனைவியின் வேலை. நான் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து, மேலே தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மண்வெட்டியில் எந்தப் பக்கம் பிடி என்பது மட்டும் தெரியும்.

இந்த வருஷம் அப்படித் தப்பிக்க முடியவில்லை. அவள் அயர்லாந்தில் இருக்கிறாள். எங்கள் ஒரே மகள் அங்கே நர்ஸ். பிரசவம் பார்க்கப் போனவள், பேரன் குப்புறக் கவிழ்ந்ததும் வருகிறேன் என்றாள். பிறகு தவழ்ந்ததும் என்றாள். இப்போது அவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நடந்ததும் வருவாளாம். சித்திரை விஷுவுக்குக் கட்டாயம் வீட்டில் இருப்பேன் என்று கடைசியாகச் சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாளைத் தள்ளினேன். தோட்டம் காடாகிக் கிடந்தால் அவளுக்குத் திரும்பி வர இங்கே என்ன இருக்கிறது என்று ஒரு எண்ணம் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. எனக்காக வருகிறாளோ இல்லையோ, சேனைக்காக வருவாள். அதனால் அறுபது தாண்டிய வயதில் மண்வெட்டியைக் கையில் எடுத்தேன்.

மாசி இங்கே நல்ல மாதம்தான், குற்றம் சொல்ல மாட்டேன். ரப்பர் மரமெல்லாம் இலையைக் கொட்டித் தீர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும். காலையில் பொன்முடி மலைப் பக்கமிருந்து பனி இறங்கி வாசல் வரை வரும், கொஞ்ச நேரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பலாவில் பிஞ்சு பிடித்திருக்கும். முற்றங்களில் மிளகு காயும். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போகிற பைக்குகளை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சில பையன்கள் நிறுத்துவார்கள், வழி கேட்கத்தான். அம்மன் கோயில் பொங்காலை நாளன்று ஊர்ப் பெண்களெல்லாம் பானையும் அரிசியுமாக முதல் பஸ்ஸில் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டார்கள். அன்று எங்கள் தெருவில் ஒரு பாத்திரச் சத்தம் இல்லை. நான் பழைய சோற்றில் மோரை ஊற்றி, அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டேன். தனியாக இருப்பவன் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. உட்கார்ந்தால் எதிரே இருக்கிற காலி நாற்காலி கண்ணில் படும்.

நடுகிற வேலையை அவள் போனில் சொல்லித்தான் செய்தேன். பரணில் அவள் சாம்பல் தடவி அடுக்கி வைத்திருந்த விதைச் சேனைகளை இறக்கி, போனைத் திண்டில் சாய்த்து வைத்துவிட்டு வெட்டினேன்.

“கேட்டியளா, ஒவ்வொரு துண்டுலயும் நடுக் கண்ணு கொஞ்சம் வரணும். கண்ணு இல்லாத துண்டை நட்டா மண்ணுதான் மிஞ்சும்.”

“தெரியும் பிள்ளே.”

“என்ன தெரியும்? சாணியைக் கரைச்சு முக்கி எடுங்க. மூக்கைச் சுளிக்காதிய.”

“நான் எங்க சுளிச்சேன்?”

“இங்கேருந்தே தெரியுகு.”

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பானேன். தினமும் கூப்பிட்டாள். துண்டுகள் நிழலில் காய்ந்ததா, குழியில் சருகு போட்டீர்களா, சாம்பல் போட்டீர்களா என்று விசாரித்தாள். விசாரித்தது சேனையைத்தான், என்னையல்ல. இருந்தால் என்ன, பதில் சொன்னவன் நான்தானே.

ஒரு காலையில் எழுந்து போனால் தோட்டம் உழுது போட்ட வயல் போலக் கிடந்தது. ஒரு குழி பாக்கியில்லை. சருகு ஒரு பக்கம், மண் ஒரு பக்கம், கடித்துத் துப்பிய கிழங்கு ஒரு பக்கம். ஈர மண்ணில் குளம்புத் தடம். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். சத்தம் கேட்டு எதிர் வீட்டுச் சேச்சி வந்தார். நாங்கள் இங்கே குடிவந்த நாளிலிருந்து என் மனைவிக்குச் சிநேகிதி. இருவரும் ஒருவரையொருவர் சேச்சி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பலசரக்குக் கடை வைத்தவன் மாதிரி என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். தமிழன் என்றால் இங்கே எல்லோரும் அண்ணாச்சிதான்.

“காட்டுப் பன்னியாணு அண்ணாச்சி. ஒரு தடவ மணம் பிடிச்சா பின்ன விடாது, கேட்டோ. சேச்சியோட பழைய சாரி ஏதாவது இருந்தா எடுத்துச் சுத்திக் கெட்டு. ஆளு நிக்குதுன்னு நினைச்சுப் பன்னி வராது.”

இது எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிறதுதான். மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டம், வாழைத் தோட்டம் எதை எடுத்தாலும் சுற்றிலும் வெளிறிப்போன சேலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ஊரே துவைத்துக் காயப்போட்டிருக்கிறது என்று நான் கேலி செய்ததுண்டு. இப்போது என் முறை. பரணில் இன்னும் சில விதைச் சேனைகள் இருந்தன, பௌர்ணமியும் தாண்டவில்லை. பன்னி வந்ததை அவளிடம் சொல்லாமல் முதலில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும், பிறகு காட்டினால் மெச்சிக்கொள்வாள் என்று திட்டம் போட்டேன்.

அவளுடைய பீரோவை நான் அதற்கு முன் திறந்ததில்லை. என் சட்டைகள் தனி அலமாரியில். உள்ளே சேலைகள் அடுக்கடுக்காக இருந்தன. எது பழசு, எது புதுசு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆபீசில் பழைய கோப்புகள் அடியில் கிடக்கும், நடப்புக் கோப்பு மேலே இருக்கும். காலமெல்லாம் அந்த முறையில் பழகியவன் நான். ஆகவே மேலே இருந்தவற்றைத் தொடவில்லை. அடித்தட்டில் ஒரு வேட்டியில் பொதிந்து, வசம்புத் துண்டு போட்டு வைத்திருந்தவற்றை உருவி எடுத்தேன். மடிப்பு மடிப்பாக நிறம் மங்கியிருந்தது. அவள் உடுத்தி நான் பார்த்து எத்தனையோ வருஷம் இருக்கும். இதைவிடப் பழசு எது இருக்க முடியும்? முகூர்த்தப் பட்டுச் சேலையை மட்டும் தனியே எடுத்து வைத்தேன், அந்த அளவுக்கு விவரம் உண்டு.

குச்சி நட்டு, மஞ்சள், பச்சை, கத்தரிப்பூ என்று ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டினேன். சேச்சி வேலிப் பக்கம் வந்து நின்று பார்த்தார்.

“அண்ணாச்சி, இது சேச்சி எடுக்கச் சொன்னதா?”

“அடியில கெடந்தது. பழசாக்கும்.”

மஞ்சள் சேலையின் முந்தியை விரித்துப் பார்த்தார். பிறகு “செரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் என்ன ஏது என்று கேட்கவில்லை. செய்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பன்னி வரவில்லை. மறுபடி நட்ட குழிகள் அப்படியே இருந்தன. அடுத்த முறை அவள் மதியம் கூப்பிட்டபோது, பேரன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்குப் பின்னால் அந்த ஊரின் சாம்பல் நிற வானம். பன்னி வந்த கதையைச் சொல்லிவிட்டுப் போனைத் தோட்டத்துக்குத் திருப்பினேன்.

“பார்த்தியா? இனி ஒருத்தன் உள்ள வர முடியாது.”

சிக்னல் போய்விட்டதோ என்று போனைத் தூக்கிப் பிடித்தேன்.

“அந்த மஞ்சளுக்குப் பக்கத்துல கொண்டு போங்க.”

கொண்டு போனேன்.

“அது அம்மை எடுத்துத் தந்தது. நம்ம மக வயித்துல இருக்கும்போ, ஏழாம் மாசத்துக்கு.” போனை அடுத்ததுக்கு நகர்த்தினேன். “கத்தரிப்பூ, இந்த வீட்டுல பால் காய்ச்சின அன்னைக்கு உடுத்தது. பச்சை இவ முதல் சம்பளத்துல வாங்கினதாக்கும்.”

“அடியில கெடந்துதே” என்றேன்.

“வச்சிருந்தேன்.”

இனி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். ஒரு தம்ளரை இடம் மாற்றி வைத்ததற்கு அரை நாள் பேசுகிறவள் அவள். பேசட்டும், நன்றாகப் பேசட்டும் என்றுதான் இருந்தது. அவிழ்த்து அலசி மடித்து வையுங்கள், வந்து உங்களைக் கவனித்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

“கெடக்கட்டும்” என்றாள். “பார்க்க நல்லாத்தான் இருக்கு. இனி அதை நான் எங்க உடுத்தப் போறேன்.”

“விஷுவுக்கு வாறதாச் சொன்னியே.”

“பார்ப்போம். இவளுக்கு நைட் டியூட்டி போட்டிருக்காவ. பய என்னைத் தவிர ஒருத்தருட்டயும் உறங்க மாட்டேங்கான்.” அவன் அசைந்தான். முதுகில் தட்டிக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வேறெதையோ நினைத்துக்கொண்டு சொல்வதுபோலச் சொன்னாள்: “கேட்டியளா, சேனை பறிக்கும்போ பாதியைச் சேச்சிக்குக் குடுத்திருங்க. ஒத்த ஆளுக்கு அவ்வளவு எதுக்கு.”

மாசியில் நட்ட சேனையைக் கார்த்திகையில்தான் பறிப்பார்கள். அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி என்றேன். போனை வைத்த பிறகு சேனைக் குழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். வெயில் தாழ்ந்ததும் எழுந்து சேலைகளை அவிழ்க்கத் தொடங்கினேன். கிடக்கட்டும் என்று அவள் சொல்லலாம். நானும் அப்படியே விட்டால், அவள் வரமாட்டாள் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். முடிச்சுகளை இறுகப் போட்டிருந்தேன், பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது.

“பன்னி வருமே அண்ணாச்சி” என்றார் சேச்சி, தன் வாசலில் இருந்து.

“வரட்டும்.”

அலசி, மறுநாள் காயவைத்து, வீட்டுக்குள் கொண்டுவந்தேன். சேலையை ஒரு ஆள் மடிக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு முனையைக் கையில் பிடித்தால் மறுமுனை எங்கேயோ கிடக்கிறது, நடுப்பகுதி தரையைக் கூட்டுகிறது. ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டிப் பார்த்தேன். மடிப்பு கோணிக்கொண்டு போனது. கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் அவற்றைக் குவித்துவிட்டு நின்றேன். “அறிவிருக்கா உங்களுக்கு? பொம்பளை பீரோவைத் திறக்குமுன்ன ஒரு வார்த்தை கேக்கணும்னு தெரியாதா?” என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் சொல்கிற மாதிரி வரவில்லை.