மேஜையோடு ஒரு பலகை

ரஞ்சனி வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில் வகுப்பறையில் நாற்காலி கிடையாது. மாணவர்களுக்கு பெஞ்சு உண்டு. பாடம் நடத்துகிறவர்களுக்குத்தான் கிடையாது. உட்கார்ந்தால் ஒழுங்காக நடத்த மாட்டார்கள் என்று நிர்வாகம் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் ஆடிட்டோரியத்தில் போட்டுவிட்டது. அந்தக் கல்லூரி கண்டுபிடித்தது இதுவரை அது ஒன்றுதான்.

விடிந்ததும் திருவானைக்காவலில் கல்லூரி பஸ் ஏறுவாள். சாயங்காலம் இறங்கும்போது குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாது. வலிக்கிறது என்று கல்லூரியில் யாரிடமும் சொன்னதில்லை. நிற்க முடியாத ஆளை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பொறியியலையும் வடிவமைப்பையும் அறிமுகப்படுத்தும் பாடம் அவளுடையது. “கஷ்டப்படுற ஒருத்தரை முதல்ல கவனிங்க, அப்புறம் செய்யுங்க” என்று வருஷா வருஷம் சொல்வாள். பிள்ளைகள் யாரையும் கவனிக்காமல், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில், வயலுக்குத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் மாடலை வாங்கி வந்து வைப்பார்கள். இவளும் அலுத்துப்போய் மார்க் போடுவாள்.

இந்த வருஷம் மாடல்களைப் பார்க்க பிரின்சிபல் வந்தார். மேஜைக்கு மேஜை அதே தண்ணீர்தான். கடைசியில் ஆஃப்ரின் என்ற மாணவி, வகுப்பறை மேஜையின் பக்கவாட்டில் கீல் வைத்து ஒரு பலகையைப் பொருத்தியிருந்தாள். தூக்கி முட்டுக் கொடுத்தால் இருக்கை, தட்டிவிட்டால் மடங்கிவிடும்.

“யாருக்கும்மா இது?”

“ஒரு மேம் கால் மாத்திக் கால் மாத்தி நின்னு பாடம் நடத்துறாங்க சார். போர்டுல எழுதுறப்ப டேபிளைப் பிடிச்சுக்கிறாங்க.”

ரஞ்சனி பக்கத்து மேஜையைப் பிடித்திருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“யாரு அவங்க?”

ஆஃப்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். “பேரு வேணாம் சார்.”

“ஆளே இல்லாம டிசைனா? கதை விடுறியா?” பிரின்சிபல் ரஞ்சனி பக்கம் திரும்பினார். “மேடம், இதுக்கு மார்க் போடாதீங்க.”

சரிங்க சார் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்தான். இந்த முறை அது வரவில்லை. ரஞ்சனி மேஜைக்குப் போனாள், பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்தாள், உட்கார்ந்தாள்.

“நான்தான் சார்.”

பலகை லேசாக முனகிவிட்டுத் தாங்கிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் தன்னையும் ஒருத்தி கவனித்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. பிரின்சிபல் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். எழுந்து நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

“சொல்லுங்க சார்” என்றாள், உட்கார்ந்தபடியே.