பெற்றோல் அடிக்கும் ஊர்

பெரியண்ணை அந்த வரைபடத்தை என் சாப்பாட்டு மேசையில் விரித்த சனிக்கிழமை மத்தியானம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. மேசையை விடப் பெரிய தாள். நான்கு மூலைகளும் சுருண்டு சுருண்டு எழும்ப, சீனிப் போத்தல், மிளகாய்த்தூள் போத்தல், என் மூக்குக்கண்ணாடிக் கூடு, தன்னுடைய தோல் கையுறை என்று ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினார். எங்கள் பக்கம் மேசை விளிம்பில் தொங்கிய ஓரத்தில் சுவிஸ் இருந்தது. மறுகரையில், எட்டிப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில், நோர்வேயின் வடக்கு நுனி. ரெலிபோனிலேயே எல்லா வழியும் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டேன். "அது அடுத்த திருப்பத்தை மட்டும்தான் காட்டும், பிள்ளை. எனக்கு முழுசா ஒருக்காப் பாக்கவேணும்," என்றார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. சூரிச்சுக்குப் பக்கத்து ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார். கலியாணம் செய்யவில்லை. என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு அறையும் குசினியும் உள்ள சிறிய வீட்டில் தனியே இருந்தார். ஐம்பத்துமூன்று வயதில், ஒருவருக்கும் சொல்லாமல், மோட்டார் சைக்கிள் ஓடப் பழகி அனுமதிப்பத்திரம் எடுத்தவர். அவரோடு சேர்ந்து ஓடப் பழகியவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். ஒரு நாள் என் வீட்டு வாசலில் கடும்நீல நிறத்தில் ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றியபோது, யாரோ முகவரி மாறி வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஏன் இந்த வயதில் இந்த ஆசை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் மறக்கவில்லை. "நாள் முழுக்கச் சன்னலுக்கால வெளியில பாத்துக்கொண்டிருக்கிற ஆக்களுக்குத்தான் நான் சமைக்கிறன். எனக்கெண்டு ஒரு சன்னல் வரமுந்திக் கொஞ்சம் ஓடிப் பாப்பம்." கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு மலைக்கணவாயாக ஏறி இறங்கிவிட்டு, பொழுதுபடமுன் என் வீட்டுக்கு வந்து புட்டோ இடியப்பமோ சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் மேசை அவருடையதாயிற்று. யூன் மாதம் வடக்கில் பனி விட்டுவிடும், ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், லீவு சொல்லி வைத்தாயிற்று. ஜேர்மனியை இரண்டு நாளில் கடப்பது, ஹம்பேர்க்கில் ஓர் இரவு, அடுத்த நாள் கப்பலில் டென்மார்க், பிறகு பெரிய பாலத்தால் சுவீடன், சுவீடனின் கிழக்குக் கரையை விடாமல் பிடித்துக்கொண்டு பின்லாந்து, அங்கிருந்து காடுகளுக்குள்ளால் நோர்வே. தங்குமிடங்களையும் கப்பலையும் என் மின்னஞ்சலில் நான்தான் பதிந்தேன். அவர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போவார், நான் திகதி எழுதுவேன். மழை உடுப்பு எத்தனை, சங்கிலிக்கு எண்ணெய் எத்தனை நாளுக்கு ஒருக்கா, ரயர் அவ்வளவு தூரம் தாங்குமோ என்றெல்லாம் தனக்குத் தானே கதைப்பார். அப்படிச் சந்தோசமாக அவர் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோடு வடக்கு நுனிக்குப் போய்த் திரும்பும் இடத்தில்தான் நான் அதைக் கவனித்தேன். நேரே தெற்கே இறங்கவேண்டிய கோடு, காரணமில்லாமல் கிழக்கே வளைந்து, நூறு கிலோமீற்றருக்கு மேல் போய், கடற்கரையில் ஒரு சின்ன ஊரைத் தொட்டுவிட்டு, போன வழியாலேயே திரும்பி வந்தது. மற்ற ஊர்களை எல்லாம் வட்டமிட்டிருந்தவர் அந்த ஊருக்கு மட்டும் வட்டம் போடவில்லை. அது மீன் தொழிற்சாலையும் சில நூறு வீடுகளும் உள்ள ஊர். எங்கள் சின்னண்ணை முப்பது வருடமாக அங்கேதான் இருக்கிறார்.

"இதென்ன, இஞ்சை ஏன் போறியள்?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

பெரியண்ணை பென்சிலைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அங்கை பெற்றோல் அடிக்கலாம்," என்றார்.

இரண்டு பேரும் அப்போது இருபது வருடமாகக் கதைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்தபோது பெரியண்ணையின் அகதி விண்ணப்பம் முடிவில்லாமல் கிடந்தது. சுவிஸை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வரமுடியாது. சின்னண்ணைக்கு நோர்வே கடவுச்சீட்டு இருந்தது. அவர் வந்துவிட்டார். நான் அம்மாவோடு வீட்டில் இருந்தவள். செத்தவீட்டன்று பெரியண்ணை ரெலிபோன் எடுத்து, தேவாரம் படிப்பதையாவது தான் கேட்கவேண்டும், ரெலிபோனை அம்மாவுக்குக் கிட்டப் பிடி என்று கேட்டாராம். மூன்று நாள் நித்திரை இல்லாமல் நின்ற சின்னண்ணை, "வர விருப்பம் இருந்திருந்தா ஒரு வழி கண்டிருப்பியள்," என்று சொன்னது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. மறுமுனையில் பெரியண்ணை ரெலிபோனை வைத்துவிட்டார். நான் கலியாணமாகிச் சுவிஸுக்கு வந்த பிறகு என் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இருவரும் வெவ்வேறு நேரத்தில் வாழ்த்துச் சொல்வார்கள். ஒருவர் மற்றவரின் பெயரைச் சொன்னதே இல்லை. ஆனால் இரண்டு பேரும் ரெலிபோனை வைக்கமுன் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "மற்றும்படி எல்லாரும் சுகமோ?"

வரைபடத்தில் வளைந்த அந்தக் கோட்டைப் பற்றிச் சின்னண்ணைக்கு ரெலிபோனில் சொன்னேன். சொன்னது பிழையோ சரியோ என்று இப்போதும் தெரியாது. "வாறதெண்டால் வரட்டும். நான் வீட்டிலதான் நிப்பன்," என்றார். இரண்டு கிழமை கழித்து அவரே ரெலிபோன் எடுத்தார். மோட்டார் சைக்கிள் எவ்வளவு நீளம் என்று கேட்டார். தன் கராஜில் பனி வண்டியும் வலைகளும் கிடந்தனவாம், எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டாராம். "உப்புக் காத்து, வெளியில விட்டா இரும்பு பழுதாப் போகும். உள்ளுக்க விடலாமெண்டு சொல்லு. நான் சொன்னதெண்டு சொல்லாதை." நான் அடுத்த சனிக்கிழமை, அந்த ஊரில் வண்டியை உள்ளே விட இடம் கிடைக்கும் என்று இன்ரநெற்றில் வாசித்ததாகப் பெரியண்ணையிடம் சொன்னேன். "இன்ரநெற்றிலயோ," என்று கேட்டுவிட்டு வெளியே பார்த்தார். வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அப்படித்தான் நான் பொய்க்காரி ஆனேன். இரண்டு பக்கமும் எடுத்துச் சென்ற சின்னச் சின்னப் பொய்கள். அவை பாரமாக இருக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு முற்பகல், சமையலறையில் கரட் வெட்டிக்கொண்டு நின்ற பெரியண்ணை விழுந்துவிட்டார். கை காலெல்லாம் இழுத்ததாக உடன் வேலைசெய்தவர்கள் சொன்னார்கள். நான் ஆசுப்பத்திரிக்குப் போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தன் சப்பாத்துகள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடதுபக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. டொக்டர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விளக்கினார். பெரியண்ணை எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், யூன் மாதம் மோட்டார் சைக்கிள் ஓடலாமோ என்று. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

ஏப்ரலில் தலையைத் திறந்து, எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. அதன் பிறகு என் வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமையே வரைபடத்தைக் கேட்டார். நாளுக்கு ஐந்நூறு கிலோமீற்றர் அதிகம், முந்நூறு ஆக்குவோம் என்றார். அடுத்த கிழமை இருநூறு ஆயிற்று. நான் எல்லாவற்றுக்கும் சம்மதித்து, ஓம் ஓம் என்று சொல்லித் திகதிகளை மாற்றி எழுதினேன். பிறகு சொற்கள் போகத் தொடங்கின. வடக்கே இருந்த ஊர்ப் பெயர்கள் முதலில் போயின. விரலை வைத்துக்கொண்டு, "இந்த... இது... அது," என்பார். கப்பல் என்று சொல்ல நினைத்துப் பாண் என்று சொல்லிவிட்டு, பிழை என்று தெரிந்து, கண்ணை மூடிக்கொள்வார். நான் சொல்லை எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். கொடுக்காவிட்டால் அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாது. எதைச் செய்தாலும் பிழையாகத்தான் இருந்தது.

மே மாதத்தில், இன்னும் கொஞ்சம் கதைக்கக்கூடிய ஒரு நாளில், விமானத்தில் போவோம், நான் கூட வருகிறேன், டொக்டர் விடுவார் என்றேன். நெடுநேரம் சொல் தேடினார். "பிளேனில போனா... அவனைப் பாக்க... பாக்கவெண்டே போனமாதிரி." அப்போதுதான் அந்த மோட்டார் சைக்கிள் எனக்கு முழுதாக விளங்கியது. வழியில் ஓர் ஊர் வந்தது, இறங்கினேன் என்று சொல்லத்தான் அவருக்கு ஐயாயிரம் கிலோமீற்றர் தேவைப்பட்டது. அன்றைக்கே சின்னண்ணையிடம், நீங்கள் வாருங்கோ என்று கெஞ்சினேன். அவர் அழுதார். அழுதுகொண்டே, "அண்ணை கேட்டவரோ? கேளாமல் போய் அவர் முகத்தைத் திருப்பினா நான் தாங்கமாட்டன்," என்றார். அடுத்த நாள் பெரியண்ணையிடம், அவரை வரச் சொல்லட்டோ என்று கேட்டேன். தலையை இல்லை என்று ஆட்டினார். வேண்டாம் என்றா, நான் கேட்கமாட்டேன் என்றா, கேட்க எனக்குச் சொல் இல்லை என்றா, தெரியவில்லை.

நான் பதிந்தவற்றை ரத்துச் செய்யவில்லை. ரத்துச் செய்ய உட்காரும் ஒவ்வொரு முறையும் கை போகவில்லை. யூனில் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. உங்கள் பயணத்துக்கு இன்னும் பத்து நாட்கள். மழைக்கு ஆயத்தமாக வாருங்கள். கப்பல் வெளிக்கிடும் நாளன்று, வாகனங்கள் இப்போது ஏறலாம் என்று செய்தி வந்தபோது நான் கதிர்ச்சிகிச்சை அறைக்கு வெளியே, அவருடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்வரை இருந்தேன்.

யூலை முடிவில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனிக் கிழமைக் கணக்குத்தான் என்றார். ஆசுப்பத்திரிக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பில் நின்று சின்னண்ணைக்கு எடுத்தேன். "பெரியண்ணை உங்களைக் கேக்கிறார்," என்றேன்.

"வாயால கேட்டவரோ?"

"ஓம், வாயால."

"என்னெண்டு கேட்டவர்?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "அவனை வரச்சொல்லு எண்டவர்," என்றேன். எனக்கு முன்னால் ஒரு பஸ் வந்து நின்று, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் அவர் வந்தார். ஓகஸ்ட் வெயிலில் தடித்த குளிர்ச் சட்டையோடு சூரிச் விமானநிலையத்தில் நின்றார். தலை முழுதும் நரைத்திருந்தது. மீனும் ஐசும் பிடித்த விரல்கள் வீங்கிப் பருத்திருந்தன. வழியில் நான் ஒன்றை மட்டும் சொல்லவேண்டியிருந்தது. பெரியண்ணைக்கு இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல்தான், எதைக் கேட்டாலும் ஓம் என்பார். நோகுதோ என்றாலும் ஓம், நோகவில்லையோ என்றாலும் ஓம். தேத்தண்ணியோ கோப்பியோ என்றாலும் ஓம். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

சின்னண்ணை அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். ஆசுப்பத்திரியில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கட்டிலுக்குக் கிட்டப் போய், குனிந்து, "அண்ணை, நீங்கள் வரச்சொன்னதெண்டு தங்கச்சி சொன்னவள். வந்திட்டன்," என்றார்.

பெரியண்ணை அவரைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கண்களில் குழப்பம் இருக்கவில்லை என்பதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன். பிறகு திரும்பவும் தம்பியைப் பார்த்து, "ஓம்," என்றார். சின்னண்ணை கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். பெரியண்ணையின் இடக்கை மெதுவாக நகர்ந்து அந்த நரைத்த தலையில் போய் இருந்தது.

ஒன்பது நாள் சின்னண்ணை கட்டிலோரக் கதிரையை விட்டு அசையவில்லை. கரண்டியால் சூப் பருக்கினார், முகம் வழித்துவிட்டார். என்னிடம் ஊர்களின் பட்டியலை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தார். ஹம்பேர்க் என்பார். ஓம் என்று பதில் வரும். கோப்பன்ஹேகன். ஓம். தன் ஊரை வாசிக்கும் முறை வந்தபோது தாளை என்னிடம் நீட்டினார், நான்தான் வாசித்தேன். ஒன்பதாம் நாள் காலை, தாதி சன்னலைத் திறந்துவிட்டுப் போன பிறகு, பெரியண்ணையின் மூச்சு நின்றது. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தோம்.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. சின்னண்ணை ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுக்கிறார். சென்ற மாதம், மீன், குளிர், பிள்ளைகள் என்று எல்லாம் கதைத்து முடித்த பிறகு, "தங்கச்சி, உண்மையைச் சொல்லு. அண்ணை வரச்சொல்லிக் கேட்டவரோ?" என்றார். நான் ஓம் என்றேன். என் பொய்யைப் பெரியண்ணை அறிந்துதான் எனக்காக ஏற்றுக்கொண்டாரா, அது அவருடைய சொந்த விருப்பமா, இல்லை மிஞ்சியிருந்த அந்த ஒரு சொல் தானாக வந்து விழுந்ததா என்று நான் எவ்வளவு யோசித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை. நான் எழுதுவதை எல்லாம் சின்னண்ணை வாசிப்பவர். இதையும் வாசிப்பார். வருகிற ஞாயிறு அவர் எடுக்காவிட்டால், நான் எடுப்பேன். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் எடுப்பேன்.