மூன்றாம் அத்தியாயத்தில் அவள் நீந்தினாள்

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது. கதாநாயகி கடைசியில் ஆற்றில் மூழ்கி இறந்துபோக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு நீந்தத் தெரியும். மூன்றாம் அத்தியாயம் பார்க்கவும்."

இந்தக் கடிதத்தின் தேதி 9-2-1943. பொன்முடி தேயிலை எஸ்டேட்டிலிருந்து புறப்பட்டு, பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை காலை திருவனந்தபுரத்தில் எங்கள் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தது. எஸ்டேட் டிஸ்பென்சரியின் மருந்துச் சீட்டைத் திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தில் எழுதியது. மூலக்கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அச்சகத்தில் நான் வேலை பார்த்த வருடங்களில் மறக்க முடியாத நாள் அந்தச் சனிக்கிழமைதான். புரூஃப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதி வைக்கிறேன்.

1. காப்பி வாசிப்பவள்

நான் வேலையில் சேர்ந்தது 1942 ஜூன் மாதம், முதல் திங்கட்கிழமை. பாறசாலைப் பக்கத்துப் பெண். மிஷன் பள்ளியில் படித்து, பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அச்சகம் பழவங்காடியில், பிள்ளையார் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. முதலாளி கோலப்பபிள்ளை நாஞ்சில் நாட்டுக்காரர். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏ பிள்ளே, உனக்குச் சத்தம் உண்டா?"

"உண்டு முதலாளி. சர்ச்சில பாட்டு லீட் பண்ணுவேன்."

"பாட்டு வேண்டாம். வாசிச்சாப் போதும். அந்தச் சாமிக்கு முன்னால இரி."

சாமி என்று அவர் சொன்னது புரூஃப் ரீடர் சேஷனை. கரமனை அக்ரஹாரத்துக்காரர், அப்போது இருபத்தாறு வயது. அவர் புரூஃபைப் பார்ப்பார். எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பது என் வேலை. அச்சகத்தில் அந்தப் பிரதிக்குப் பெயர் காப்பி, வாசிக்கிறவருக்குக் காப்பி ஹோல்டர். சொற்களை மட்டும் வாசித்தால் போதாது. காமா, புள்ளி, கேள்விக்குறி, பத்தி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். அவருக்கு ஓர் இடம் பிடிபடவில்லை என்றால் "மறுபடி" என்பார். அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசிப்பேன். மற்றபடி அவர் பேசமாட்டார். முதல் மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசிய சொற்களை எண்ணி டயரியில் எழுதியிருக்கிறேன். "மறுபடி"யைக் கழித்தால் பதினேழு.

அக்டோபரில் அந்த நாவல் வந்தது. பெயர் "கோட்டைச் சாவி". எழுதியவர் பொன்முடி எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்த ஒரு பெண்மணி. பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கும் எழுதவில்லை. நாவல் முழுவதும் மருந்துச் சீட்டுகளின் பின்புறம்தான். ஒரு கட்டைப் பிரித்தால் டிங்சர் வாசனை அறை முழுக்கப் பரவும்.

கதை பழைய நாஞ்சில் நாட்டில் நடக்கிறது. கோட்டைக் காவல் தலைவன் சண்டையில் இறந்துபோக, அவன் மகள் வடிவம்மை வாசல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தானே காவலுக்கு நிற்கிறாள். கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று விலக்கி வைக்கப்பட்ட சாதியில் பிறந்த படகுக்காரன் சிலம்பன். சாவி இவள் கையில். நுழையக் கூடாதவன் அவன்.

இதை நான் பகல் வெளிச்சத்தில், பதினோரு ஆண்களுக்கு நடுவே, உரக்க வாசிக்க வேண்டும்.

"மேற்கோள், உன் கையை விடமாட்டேன், மேற்கோள் முடிவு, காமா, என்றான் சிலம்பன், புள்ளி. அவள் கன்னம் சிவந்தது, புள்ளி, பத்தி."

கம்பாசிட்டர்கள் எழுத்துக் கோப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பிள்ளையார் கோயிலில் பக்தர்கள் தேங்காய் உடைக்கும் சத்தம் இடையில் விழும். ஃபோர்மேன் நாணு மேஸ்திரி அந்தப் பக்கத்திலிருந்து மலையாளம் கலந்த தமிழில் கூப்பிடுவார்: "தீபம், இப்போ கேட்டது காமாவோ புள்ளியோ?"

"தேங்காய், மேஸ்திரி."

"எங்கில் சரி. கொஞ்சம் உரக்க வாசி. மெஷீன்காரனுக்குக் கேக்கலை கேட்டோ."

ஞானதீபம் என்பது என் முழுப்பெயர். அச்சகத்தில் எல்லோருக்கும் தீபம். சேஷன் மட்டும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நவம்பர் கடைசியில் ஒன்றைக் கவனித்தேன். எழுத்துப்பிழையே இல்லாத இடங்களில் அவர் "மறுபடி" சொல்ல ஆரம்பித்திருந்தார். கணக்குகள், பஞ்சாங்கம், நோட்டீஸ் வாசிக்கும்போது அல்ல. வடிவம்மையும் சிலம்பனும் சந்திக்கும் இடங்களில் மட்டும்.

2. விடுபட்ட வரி

1943 ஜனவரி 18, திங்கட்கிழமை. வடிவம்மை கோட்டையின் சிறிய கதவைத் திறந்து நிற்கிறாள். வெளியே சிலம்பன். காப்பியில் இருந்தது இவ்வளவுதான்: "சிலம்பன் தலை குனிந்து நின்றான். காற்று அடித்தது."

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே சேஷனும் தலை குனிந்துதான் இருந்தார். ஏழு மாதமாக அப்படியேதான் இருக்கிறார். நான் வாசித்தேன்: "சிலம்பன் தலை குனிந்து நின்றான், புள்ளி. மேற்கோள், நீ இப்படியே பேசாமல் நின்றால், காமா, இந்தக் கதவை நான் எத்தனை நாள் திறந்து வைத்திருப்பது, கேள்விக்குறி, மேற்கோள் முடிவு, என்றாள், புள்ளி. காற்று அடித்தது, புள்ளி."

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பழக்க தோஷத்தில் காமாவும் கேள்விக்குறியும்கூட விடவில்லை.

சேஷனின் பேனா நின்றது. புரூஃபைப் பார்த்தார். அதில் அந்த வரி இல்லை. இருக்க வழியும் இல்லை.

"மறுபடி," என்றார்.

வாசிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தப்பு என்று சொல்லியிருக்கலாம். காது சுட, முழு வரியையும் மறுபடி வாசித்தேன். அவர் ஓரத்தில் கூரைக்குறி போட்டு, "விடுபட்டது" என்று எழுதி, அந்த வரியை அழகான கையெழுத்தில் சேர்த்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனார்.

கம்பாசிட்டர் கோத்தார். பக்கம் கட்டியபோது அது 143ஆம் பக்கத்தில் வந்தது. ஃபாரம் மெஷீனில் ஏறி அச்சானது. நான் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஒரு வாத்தியார் மாப்பிள்ளை தயாராக இருந்தார். அதைவிடப் பெரிய கவலை, நான் கேட்டதற்குப் பதில் வராமலே போய்விடுமோ என்பது.

3. சாகாத வடிவம்மை

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற சிறிய அச்சகத்தில் ஒரு முழுப் புத்தகத்துக்கு வேண்டிய ஈய எழுத்து இருக்காது. பதினாறு பக்கம் கோப்போம். அது ஒரு ஃபாரம். அடித்து முடித்ததும் எழுத்தைப் பிரித்து, கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த பதினாறு பக்கம் கோப்போம். அடித்த ஃபாரத்தில் இருப்பது இருந்ததுதான். அதை மாற்ற வேண்டுமென்றால் முதலிலிருந்து கோக்க வேண்டும். புதுக் காகிதம் வேண்டும். யுத்த காலத்தில் காகிதத்துக்கு எங்கே போவது?

முதலாளி கதையை முன்கூட்டிப் படிக்கும் பழக்கமில்லாதவர். பத்து ஃபாரம் அடித்து முடித்து, கடைசிக் கட்டைப் பார்த்தபோதுதான் வடிவம்மை சிலம்பனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள் என்று தெரிந்தது. உடனே பொன்முடிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு வந்த பதில்தான் நான் முதலில் எடுத்துக் காட்டியது. அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்து மேஜையில் அடித்தார்.

"நீந்தத் தெரியுமாம்! எங்க தெரியும்? எந்தப் பக்கம்?"

"நாப்பத்தொண்ணு," என்று ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சேஷன்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம், முதலாளி. பழையாத்துல வெள்ளம். ஓலையைத் தலைப்பாகைல முடிஞ்சுண்டு அக்கரைக்கு நீந்தறா. அச்சாயிடுத்து."

"அந்த ஃபாரத்தை மாத்தும் ஓய் மேஸ்திரி!"

"எழுத்து பிரிச்சாச்சு முதலாளி," என்றார் நாணு மேஸ்திரி. "பேப்பரும் இல்லை."

முதலாளி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "சரி. ஆத்துல சாட வேண்டாம். பாம்பு கடிச்சுச் சாவட்டு."

"தொண்ணூத்தேழு," என்றார் சேஷன். "சேனாதிபதியைப் பாம்பு கடிச்சப்போ பச்சிலை வெச்சுப் பிழைக்க வெச்சது அவதான். நர்ஸ் எழுதின கதையோன்னோ."

"அப்பம் காய்ச்சல்!"

"காய்ச்சலுக்கு எடம் பத்தாது முதலாளி," என்றார் மேஸ்திரி, முகம் மாறாமல். "கடைசி ஃபாரத்தில மிச்சம் ரெண்டு பக்கம். ரெண்டு பக்கத்தில காய்ச்சல் வந்து எப்படிச் சாகும்? வைத்தியன் வரவே ஒண்ணரைப் பக்கம் ஆகும்."

கம்பாசிட்டர்கள் கேஸுக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்கினார்கள்.

"எதிரிப்படை வெட்டட்டு!"

"நூத்தி இருபதுல சமாதானம் ஆயிடுத்து."

"சந்நியாசம் வாங்கி மலைக்குப் போகட்டு!"

"அறுபத்துமூணு. 'எனக்குப் பசி ஒரு வேளை தாங்காது'ங்கறா."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சாமி, இத்தன நாளும் வாயத் தொறக்காத மனுசன் நீரு. இன்னைக்கு இவளுக்காக வக்கீல் மாதிரி பேசுதீரே. இந்தப் பொம்பள உமக்கு யாரு ஓய்?"

சேஷன் பேனாவை மூடி வைத்தார்.

"நூத்தி நாப்பத்துமூணாம் பக்கத்துல அவ ஒரு கேள்வி கேட்டிருக்கா, முதலாளி. கதவைத் திறந்து வெச்சுண்டு நிக்கறா. பதில் சொல்லாம அவளைக் கொன்னுட்டா, அதைவிடப் பெரிய பிழை எதுவும் இல்லை. பதில் சொல்ல வேண்டியவன் கொஞ்சம் தாமதம் பண்ணிட்டான். அவ்வளவுதான். இப்போ சொல்றான்."

முதலாளியிடம் பேசுகிறவர் முதலாளியைப் பார்த்துத்தானே பேச வேண்டும்? அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் கையிலிருந்த காப்பியை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். டிங்சர் வாசனை அடித்தது. நாணு மேஸ்திரி திடீரென்று மெஷீனுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று எழுந்து போனார். போகிற போக்கில், "தீபம், இது காமாவோ புள்ளியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

முதலாளிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய கவலை வேறு. "இது என் வீட்டுப் பொம்பளையளு கையில கிட்டினா என்னவாக்கும் ஆவது?"

"கிட்டியாச்சு முதலாளி," என்றது மெஷீன் பக்கத்திலிருந்து மேஸ்திரியின் குரல். "நீங்க வீட்டுக்குக் கொண்டுபோன ஃபாரம் எல்லாம் அம்மா வாசிச்சாச்சு. 'பதினொண்ணாவது எப்போ வரும்'னு நேத்துகூட ஆள் விட்டுக் கேட்டாங்க."

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டார். "அடியும். கதையில இவ செத்துப்போனா, வீட்டுல எனக்கு ராத்திரிச் சோறு போடுறது யாரு? எழுதினபடி அடியும்."

பிப்ரவரி பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, கல்யாண அத்தியாயத்தை நான் வாசித்தேன். சேஷன் ஏழு முறை "மறுபடி" சொன்னார். டயரியில் இருக்கிறது.

4. மறுபக்கம்

வேலை முடிந்ததும் காப்பியைக் கட்டி எடுத்து வைப்பதும் என் பொறுப்பு. அப்போதுதான் பொன்முடிக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். மருந்துச் சீட்டின் அச்சடித்த பக்கம். எல்லாத் தாளிலும் இருப்பதுதானே என்று முதலாளி பார்க்காமல் விட்டது. நோயாளியின் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. "மருந்து" என்ற இடத்தில் பொடி எழுத்தில் இப்படி இருந்தது:

"அச்சான தாள்கள் கிடைத்தன. 143ஆம் பக்கத்தில் வடிவம்மை கேட்கும் கேள்வியை நான் எழுதவில்லை. நான் எழுதியிருக்க வேண்டியது. இருக்கட்டும். கேட்டவருக்குப் பதில் கிடைத்ததா?"

கிடைத்தது என்று ஒரு வரி எழுதி, மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

எங்கள் கல்யாணம் மறு வருடம் திருநெல்வேலியில், ரிஜிஸ்திரார் முன்னால் நடந்தது. கரமனையிலிருந்தும் யாரும் வரவில்லை, பாறசாலையிலிருந்தும் யாரும் வரவில்லை. ரயிலேறி வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நாணு மேஸ்திரி. முதலாளி வரவில்லை, அவர் மனைவி புதுப்புடவை ஒன்றை மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வீடுகளின் கோபம் ஆற ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடமும் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம்: காப்பியில் இல்லாத எதையும் வாசிக்காதீர்கள். வாசித்துத்தான் ஆக வேண்டும் என்றால் காமா, கேள்விக்குறியோடு தெளிவாக வாசியுங்கள். "மறுபடி" என்றால் குரல் இறங்காமல் மறுபடி வாசியுங்கள்.

ஒரு விவரம் மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. ஜனவரி 18 அன்று அந்த வரியை "விடுபட்டது" என்று குறித்தபோது, அது காப்பியில் இல்லை என்பது சேஷனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாமல்தான் குறித்தேன், கவனமெல்லாம் வேலையில் இருந்தது என்று சில நாள் சொல்வார். முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது, இன்னொரு தடவை கேட்கத்தான் "மறுபடி" சொன்னேன் என்று சில நாள் சொல்வார். அந்த புரூஃப் தாள் என்னிடம் இருக்கிறது. கையெழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை. இதை எழுதும்போதும் எதிரே உட்கார்ந்திருக்கிறார். கேட்டேன். சிரிக்கிறார். ஆகவே சரிபார்க்கப்படவில்லை என்றே குறிக்கிறேன்.