மேல்கணக்குக்குப் போகும் பலகை

ஹட்டனில் போர்டு எழுதும் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு பலகையின் கதையைச் சொல்கிறேன்.

டிக்கோயாவைத் தாண்டி ஒரு தோட்டம். அதன் முச்சந்தியில் ஒரு பாதை தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்குக்கு ஏறும், மற்றது கீழ்கணக்குக்கு இறங்கும். பலகையில் UPPER, LOWER என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள். தமிழும் சிங்களமும் அடியில் பொடியாக இருந்தன.

பனி மூடிய ஒரு நாள், தொழிலாளர் வீட்டு வரிசையான மேல்கணக்கு லயத்தில் ராஜு என்பவருக்கு நெஞ்சுவலி. அம்புலன்ஸ் முச்சந்தியில் வழி மாறிக் கீழ்கணக்குக்குப் போய்விட்டது. திரும்பி ஏறி வருவதற்குள் ராஜுவின் உயிர் போய்விட்டது.

தோட்டத்து மெனேஜர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பக்கம் அவர் இன்னும் தொரைதான்.

"புது போர்டு போடுங்க. எல்லாம் கேப்பிட்டல், இன்னும் பெரிசா. அப்பதான் தூரத்துக்கே தெரியும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தேயிலைச் சாக்கிலிருந்து ஸ்டோர் கதவு வரைக்கும் தோட்டத்தில் எல்லாமே கேப்பிட்டல்தான்.

அளவெடுக்கப் போன அன்று அம்புலன்ஸ் ட்ரைவர் சுனில் அங்கே நின்றிருந்தார். ராஜுவின் மனைவி பரமேஸ்வரியைப் பார்க்க வந்தாராம். முகம் வாடிக் கிடந்தது.

"போர்டு சின்னது இல்ல அண்ணே. பனியில ரெண்டும் ஒரே கட்டை மாதிரி தெரிஞ்சிச்சி. எல்லா எழுத்தும் ஒரே உயரம்."

கடைக்கு வந்து இரண்டு மாதிரி எழுதினேன். ஒன்று தொரை கேட்டது. மற்றதில் முதல் எழுத்து மட்டும் பெரிது, மீதி சின்ன எழுத்து: Upper, Lower.

பனி இறங்கிய ஒரு காலையில் இரண்டையும் முச்சந்தியில் சாய்த்துவிட்டு, தொரையும் சுனிலும் நானும் தள்ளி வளைவில் போய் நின்றோம். பரமேஸ்வரியும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"கேப்பிட்டல்தானே எடுப்பா இருக்கு?" என்றார் தொரை.

"எனக்கு இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாதுங்க தொரை" என்றார் பரமேஸ்வரி. "அந்தப் பலகையில ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. இதுல ஒண்ணு மட்டும் கீழ காலத் தொங்கவிட்டிருக்கு. எங்க லயத்துக்கு எதுங்க?"

"கால் தொங்குறதுதாம்மா" என்றேன். Upper-இல் கோட்டுக்குக் கீழே இறங்கும் இரண்டு p-யைத்தான் அவர் சொன்னார்.

"அப்ப இதையே போடுங்க." பரமேஸ்வரி கூடையைத் தூக்கி மாட்டிக்கொண்டார். தொரை அந்தப் பலகையையே நடச் சொன்னார்.

அன்றிலிருந்து எந்தப் பலகையையும், அதைத் தேடி வருகிறவர் நிற்கும் இடத்தில் நின்று பார்க்காமல் நான் கொடுப்பதில்லை. ராஜுவுக்காக அதை யாரும் செய்யவில்லை.