ஆற வைக்காத பியர்

ரங்கூனில் நான் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தன் பியர் காய்ச்சும் சாமான்களை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடி மிதவையும் இருந்தது. புளிக்கும் பியரில் சர்க்கரை குறையக் குறைய அது ஆழமாக இறங்கும். கடைசிக் கோடு வரை இறங்கிய பிறகுதான் புட்டியில் அடைக்கலாம். சூடான பியரில் மிதவை கூடுதலாக இறங்கிவிடும், ஐஸில் குளிரவைத்துப் பார் என்று துரை இரண்டு தரம் சொன்னார்.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. ஐஸ் வாங்கப் போக எனக்குச் சோம்பல். அடுப்படி மூலையில் இருந்த ஜாடியிலிருந்து பியரை வெதுவெதுப்பாகவே எடுத்து மிதவையைப் போட்டேன். கோடு வரை இறங்கியது.

"முடிஞ்சிருச்சாங்க?" என்றாள் என் மனைவி எஸ்தர்.

"முடிஞ்சிருச்சு. அடைச்சிரலாம்."

"நீங்க பார்த்துச் சொன்னா சரிதான்" என்று அவளே தக்கைகளை இறுக்கிக் கட்டினாள்.

கிறிஸ்துமஸ் காலையில், விருந்துக்காக ஒரு புட்டியை எடுக்கக் குனிந்தாள். அவள் கையிலேயே அது வெடித்தது. பியர் உள்ளே இன்னும் புளித்து வாயுவைக் கிளப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கண்ணாடிச் சில்லு பட்டு அவளுடைய இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்றும், "பிள்ளைக்குப் பால் ஆறிருச்சா, பார்த்துச் சொல்லுங்க" என்று என்னிடம்தான் டம்ளரை நீட்டுகிறாள். தொட்டுப் பார்க்கிறேன். மறுபடியும் தொட்டுப் பார்க்கிறேன். ஆறிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.